எந்தத் தேதியின் பூமி

கோரையாற்றுக்குத் தெற்கே, குறுவை அறுத்த வயலில்
முக்காலியை ஊன்றினேன்.
சேறு ஒரு காலை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டது.

வடக்கே பக்கிரிசாமி.
தெற்கே அவர் தம்பி வேம்பையன்.
நடுவில், இருவருமே ஏறி நிற்காத வரப்பு.

"வருஷத்துக்கு ஒரு விரல், மேடம்.
அண்டை வெட்டுறப்ப ஒரு விரல் செதுக்கிடுறான்.
இருபது வருஷமா."

தம்பி ஒன்றும் சொல்லவில்லை.
நண்டு வளையொன்றைக் குதிகாலால்
மிதித்து அடைத்துக்கொண்டிருந்தார்.

என்னிடம் இருந்தது
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலின் புலப்படம்,
சங்கிலி போட்டு யாரோ அளந்தது,
மடிப்புகளில் நைந்தது.
இன்னொரு கையில் வானத்தைக் கேட்டு அளக்கும் கருவி.
பதினொரு செயற்கைக்கோள் பிடிபட்டதும்
திரையில் ஒரு கட்டம் திறந்தது:
எந்தத் தேதியின் பூமி வேண்டும்?

தஞ்சாவூர்ப் பயிற்சியில் இதை முதலில் பார்த்தபோது
பிழையென்று நினைத்து மூடிவிட்டேன்.
பிழையில்லை.
வருஷத்துக்கு மூணு விரல், வடகிழக்காக,
மொத்தமாய்ப் போய்க்கொண்டிருக்கிறது:
இந்த வரப்பு, ஆறு, மதகு, டாஸ்மாக்,
பக்கிரிசாமி, வேம்பையன்,
இவர்கள் பத்திரம் பதிந்த சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ்.
இந்தப் படம் வரைந்த நாளிலிருந்து
ஐந்து மீட்டர் தள்ளி நிற்கிறோம் எல்லோரும்.
சத்தமாகவே சொல்லிவிட்டேன்போல.
இருவரும் காலடியைப் பார்த்தார்கள்.

தேதியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

பூட்ஸுக்குக் கீழே வண்டல்.
அதற்குக் கீழே, போர் போடுகிறவர்கள் சொல்லும் சவுடு, மணல்,
பிறகு கருங்களி, அதில் சிப்பி:
கடல் இவ்வளவு தூரம் வந்து போனதற்கு ரசீது.
எண்ணெய்க் கம்பெனிக் குழாய் இன்னும் கீழே போயிருக்கிறது.
சில இடங்களில் நாலைந்து கிலோமீட்டருக்கு
மண்ணும், மண் இறுகிய கல்லும்தான்.
ஏன் இவ்வளவு மண் இங்கே?
ஒரு பள்ளம் இருந்தது.
பள்ளம் ஏன்?
ஒட்டிக் கிடந்த நிலமொன்று பிய்த்துக்கொண்டு போனது.
இப்போது தென்கோடியில், பனிக்கு அடியில் படுத்திருக்கிறது.
பங்கு பிரித்தவர் இல்லை, கல் நட்டவர் இல்லை.
பிய்ந்த இடம் கோணல்மாணலாய்ச் சரிந்து கிடந்தது.
பிறகு ஆறுகள் வந்தன, பேரில்லாத ஆறுகள்,
கடைசியில் காவிரி.
நிரப்பின.
நிரப்பி இன்னும் முடியவில்லை.

நாம் சோறு விளைப்பது அந்தப் பிளவின் மேல்.

அதற்கும் அடியில் கருங்கல்.
அதற்கும் வெகு அடியில்
வெந்தும் உருகாமல் கல்லாகவே இருக்கும் கல்;
உளி வைத்தால் தெறிக்கும்,
கோடி வருஷம் கொடுத்தால் பாகுபோல் நகரும்.

கருவி கூவியது.
எல்லை, வரப்பின் தெற்கு விளிம்பிலிருந்து நாலு விரல்,
தம்பி பக்கம்.
இருபது சொன்னார் அண்ணன். நாலுதான்.

வேம்பையன் அப்போதுதான் வாய் திறந்தார்:
"நூறு வருஷத்துல அஞ்சு மீட்டரு நவுந்துட்டோம்னீங்களே மேடம்.
அப்ப பின்னாடி வுட்டுட்டு வந்த அஞ்சு மீட்டரு
யாருக்குச் சேரும்?"

பக்கிரிசாமி சிரித்துவிட்டார்.
தம்பி சொன்னதற்குச் சிரித்துவிட்டோமே என்று
உடனே முகத்தை ஆற்றுப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சர்வே சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை.
கல்லை நட்டோம். உதவியாள் சுற்றிலும் மண்ணை இடித்தான்.
கையெழுத்து வாங்கினேன், தனித்தனியாக,
ஒரே பேனாவில்.
என் பெயருக்குக் கீழே தேதி போட்டேன்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தி.

அடைத்த வளையிலிருந்து நண்டு
வேறொரு வாசல் வெட்டிக்கொண்டு வந்தது.
கல்லின் எந்தப் பக்கம் என்று
அண்ணனும் தம்பியும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
எனக்கு மூணு பத்துக்கு மன்னார்குடி பஸ்.
முக்காலியைப் பிடுங்கினேன்.
ஒரு கால் மட்டும் வரவில்லை.